தூக்குப்போணி மூடியும் ஏழு பூனைகளும்

எனக்கு எழுத வராது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு என் சிலேட்டை வாங்கிப் பரணில் போட்டுவிட்டார்கள். ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. ஒரு சொல்லைத் தேடிப் போய் வேறொரு சொல்லோடு திரும்பி வருகிறேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், நம்ம லயத்தில், பிறந்தவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதுங்கள், சேர்த்து ஒரு நோட்டாகப் போடுவோம் என்று நீங்கள் தேனியிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் சொல்லி அனுப்பினீர்கள். நேரில் வந்து கேட்டிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போயிருப்பேன். உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே. தாள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் தாளிடம் எனக்குக் கூச்சம் இல்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எல்லாரும் பனியையும் கொழுந்து வாசத்தையும் எழுதுவீர்கள். எழுதுங்கள். நான் பூனையைப் பற்றி எழுதுகிறேன். பூனையைப் பிடித்தவர்களைப் பற்றி என்றும் வைத்துக்கொள்ளலாம். இந்த லயத்தில் இரண்டு தடவை பூனை பிடித்தார்கள். ஒன்று எனக்கு எட்டு வயதில், ஆடி மழையில். இன்னொன்று போன மாதம். இரண்டு தடவையும் கூப்பிட்டுக் கொடுத்தது நான்தான்.

போன மாதத்தை முதலில் சொல்கிறேன். அது பக்கத்தில் இருக்கிறது, மறக்கவில்லை.

சின்னக்கானலுக்கு மேலே நம்ம லயம் அப்படியேதான் இருக்கிறது. என் மகள் கொழுந்து எடுக்கிறாள், அதனால் வீடு எங்களிடம் இருக்கிறது. பத்து வீட்டில் நாலு பூட்டிக் கிடக்கிறது. பூட்டின வீட்டுக்குள்ளே பூனைகள் குடும்பம் நடத்துகின்றன. ரோட்டுக்கு அந்தப் பக்கம், நாம் சுள்ளி பொறுக்கின சரிவில், மூன்று மாடியில் ஒரு ஹோம்ஸ்டே வந்திருக்கிறது. தங்க வருகிறவர்கள் கோழியைச் சுட்டுத் தின்றுவிட்டு எலும்பைச் சரிவில் எறிகிறார்கள். பூனை பெருகாமல் என்ன செய்யும்?

அதை நடத்துகிற அம்மா கோயம்புத்தூர்க்காரர். வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. நாம் பிறந்ததிலிருந்து பார்த்த பனியை நமக்கே கை நீட்டிக் காட்டி, "பாட்டி, பாருங்க, எவ்ளோ அழகு!" என்று சொல்லுகிற ஆள். அவருக்குத் திடீரென்று பூனைகள் மேல் பாசம் வந்தது. பாசம் வந்த காரணம் எனக்குத் தெரியும். தங்க வந்த ஒரு குடும்பத்தின் மெத்தையில் கடுவன் பூனை ஒன்று மூத்திரம் அடித்துவிட்டது. அவர்கள் அதைப் போனில் படத்தோடு எழுதிவிட்டார்களாம். அன்றிலிருந்து பாசம்.

அக்கம்பக்கத்தைக் கூட்டி ஒரு குழு போட்டார். பூனைகளை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, கூண்டு வைத்து நோகாமல் பிடித்து, மிருக ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். பக்கத்து வீட்டு ஜீப்புக்காரன் எனக்கு விளக்கினான்: "பாட்டி, பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடு."

நல்ல காரியம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல காரியம் செய்கிறவர்கள் பண்ணுகிற அலட்டலைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. ஆறு கூண்டு வந்தது. கையுறை வந்தது. கூண்டுக்குள் மத்தி மீனை வைத்துவிட்டு எல்லாரும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் நாள் கீரி விழுந்தது. இரண்டாம் நாள் மீனைக் காக்கா தின்றது. மூன்றாம் நாள் பூனைகள் கூண்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்து வெயில் காய்ந்தன. சுட்ட கோழி தின்று வளர்ந்ததுகளுக்கு மத்தி எதற்கு?

ஜீப்புக்காரன் கம்பளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். "ஆனை எறங்குற ரோட்டுல ஜீப் ஓட்டுறவன் நான். பூனை என்னா பூனை?" என்றான். கால் மணி நேரத்தில் இரண்டு கையிலும் ரத்தம் வழிய ஊசி போட ஓடினான். அதற்குப் பிறகு அவன் ஆனையைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை.

என் மகள்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னாள்: "எங்கம்மா சோறு வச்சு மூடியத் தட்டுனா எல்லாம் ஓடியாந்துரும்."

வந்துவிட்டார்கள் வாசலுக்கு. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹோம்ஸ்டே அம்மா குரலைக் குழைத்துக்கொண்டு, "ஏனுங்க பாட்டி, நீங்க சும்மா தட்டுனா போதுமுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி ஒரு பிஸ்கட் பாக்கெட்டை என் கையில் வைத்தார்.

அந்தப் பிஸ்கட்டைப் பார்த்ததும் எனக்குப் பாச்சை உருண்டை வாசம் அடித்தது. ஏன் என்று சொல்ல எட்டு வயதுக்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் ஆனியில் பிடித்த மழை விடவே இல்லை. கொழுந்து எடுக்கப் போகிற அம்மாக்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற கொட்டகை நம்ம லயத்துக்குக் கீழே இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வரிசையாக ஏணை, துணித் தொட்டில்தான், கட்டித் தொங்கும். ஈரச் சாக்கு, புளித்த பால், பச்சை விறகின் புகை எல்லாம் சேர்ந்து ஒரு வாசம். கூரை ஏழெட்டு இடத்தில் ஒழுகும். ஒழுகுகிற இடத்திலெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாம்மா டப்பா வைத்திருப்பாள். டப்பாவில் சொட்டு விழுகிற சத்தத்துக்கு நடுவே பிள்ளைகள் இருமின. என் தம்பியும் அங்கேதான் கிடந்தான். அவன் இருமினால் ஏணை தானாக ஆடும்.

பிள்ளைகள் இருமுகிறது என்று சொல்லி, தோட்டத்துக் கணக்கெழுதுகிற ஆபீஸ் ரைட்டர் பார்க்க வந்தார். அவரையும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கம்பளிக் கோட்டு, காதில் மயிர், பேசும்போது எதிரே நிற்கிறவர் தலைக்கு மேலே எதையோ பார்ப்பார். பத்து இங்கிலீஷ் சொல் தெரியும். அதை வைத்துக்கொண்டு மலையை ஆண்டார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். ஒழுகுகிற கூரையைப் பார்த்தார். ஈரச் சாக்கைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். கடைசியில் ஓரத்தில் ஒரு காலி ஏணையில் சுருண்டு கிடந்த பூனையைப் பார்த்தார்.

"இதான்!" என்றார். "பூனை மயிரு. உள்ள போய் நெஞ்சுல பந்தா சுத்திக்கிடும். அதான் இருமல்."

ஆயாம்மா மெதுவாக, "ஐயா, கூரை ஒழுகுதுங்க" என்றாள்.

"கூரை ஒழுகினா நனையும். இருமுமா?"

சுற்றி நின்ற பெரியவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கூரை மாற்றுவது அவர் பொறுப்பு, பூனை அவர் பொறுப்பில்லை, அதனால்தான் பூனை என்று எட்டு வயதில் எனக்குத் தெரியாது. அந்தப் பெரியவர்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் தலையாட்டினார்கள். என் அம்மாவும் ஆட்டினாள். அவளை நான் குறை சொல்லவில்லை. கொஞ்சம் சொல்கிறேன்.

மறுநாள் ஆறு ஆம்பிளைகளைத் தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்து வேலையிலிருந்து நிறுத்திப் பூனை பிடிக்க விட்டார்கள். சாக்கை விரித்துக்கொண்டு சரிவில் ஓடினார்கள். வழுக்கி விழுந்தார்கள். ஒருத்தர் ஓடைக்குள்ளே போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். மத்தியானம் வரைக்கும் ஒரு பூனை அகப்படவில்லை. ஜீப்புக்காரன் கையைப் பார்த்தபோது எனக்கு இவர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். இத்தனை வருஷத்தில் பூனை பிடிக்கிற ஆம்பிளைகளுக்கு ஒரு முன்னேற்றமும் இல்லை.

அப்போதுதான் ஆயாம்மா என்னைக் காட்டிக்கொடுத்தாள். "இந்தப் புள்ள மூடியத் தட்டுனா வரும்யா."

என் தூக்குப்போணியைச் சொல்ல வேண்டும். போணி அலுமினியம். மூடி மட்டும் வேறு ஏதோ பாத்திரத்துடையது. பச்சை எனாமல், ஓரத்தில் செதில் போய்க் கறுப்பாக இரும்பு தெரியும். சரியாக மூடாது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற கஞ்சி பாதி என் பாவாடையில்தான் இருக்கும். சாயங்காலம் வந்ததும் மிச்சக் கஞ்சியில் கருவாட்டுத் தலையைக் கரைத்து, மூடியை விரல் முட்டியால் தட்டுவேன். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் ஒரு தட்டு. ஏழு பூனைகளும் எங்கெங்கிருந்தோ வந்துவிடும். வளைந்த வால்காரன் ஒருத்தன், காது கிழிந்தவன் ஒருத்தன், ஆயாம்மா அடுப்படியிலேயே கிடக்கிற சோம்பேறி ஒன்று. மூணு கலர்காரி ஒருத்தி, வெள்ளையும் கறுப்பும் காவியும். அவள் மட்டும் தின்றுவிட்டுப் போக மாட்டாள். மடியில் ஏறி உட்காருவாள். பேசச் சொல்லி யாரும் என்னை வற்புறுத்தாத நேரம் அது ஒன்றுதான்.

ரைட்டர் என்னைக் கூப்பிட்டார். "வா பாப்பா."

கோட்டுப் போட்ட ஒருத்தர் என்னை "வா பாப்பா" என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் நான் அவருக்கு "ஏய்". கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். அதில் பாச்சை உருண்டை வாசம் அடித்தது.

"ஃபேக்டரியில எலி ஜாஸ்தி. இதுக எல்லாத்துக்கும் அங்க உத்தியோகம். தெனம் ஆளுக்கு ஒரு கரண்டி பாலு. நீ கூப்பிட்டுக் குடு, பாப்போம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பூனைகளுக்கு உத்தியோகம்! அத்தனை பெரியவர்களும் பார்க்க, நான் நடுவில் உட்கார்ந்து மூடியைத் தட்டினேன். ஒன்றொன்றாக வந்தன. என் கையை நம்பி வந்தன. வர வரப் பின்னாலிருந்து சாக்கைப் போட்டார்கள். ஆறு பூனை ஆயிற்று.

மூணு கலர்காரி கடைசியில் வந்தாள், விறகுக் கொட்டகைப் பக்கமிருந்து. வந்ததும் மடியில் ஏறினாள். அவளுடைய வயிறு என் பாவாடையில் ஈரமாகப் பட்டது. மழை ஈரம் இல்லை, வெதுவெதுப்பான ஈரம். அந்த வாரம் முழுதும் விறகுக் கொட்டகைப் பரணிலிருந்து ஊசி மாதிரி சின்னச் சத்தம் வந்துகொண்டிருந்ததை நான் மட்டும்தான் கேட்டிருந்தேன். ஏணி இல்லாததால் ஏறிப் பார்க்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

"ஐயா, இது..." என்றேன்.

ரைட்டர் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டே, "என்னா?" என்றார்.

அம்மா எதிரே நின்றாள். கண்ணால் அதட்டினாள்.

"ஒண்ணுமில்லங்கய்யா" என்றேன்.

சாக்கு அவள் மேல் விழுந்தது. அவள் கத்தவில்லை. மற்றதுகள் எல்லாம் சாக்குக்குள் உருண்டு புரண்டன. அவள் என்னை நம்பிச் சும்மா இருந்தாள். ஏழு பூனையையும் ரேஷன் அரிசி ஏற்றப் போகிற லாரியில் ஏற்றினார்கள். லாரி ஃபேக்டரிப் பக்கம் திரும்பவில்லை, பூப்பாறை ரோட்டில் இறங்கியது. வளைந்து போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அம்மாவோடு ஃபேக்டரி வழியாகச் சந்தைக்குப் போனோம். வாசலில் நின்ற ஆளிடம், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, "எங்க பூனைக எங்க?" என்று கேட்டேன். அந்த ஆள் பக்கத்தில் நின்றவனிடம் சொல்லிச் சிரித்தான். "ஏட்டி, இங்க எலியும் இல்ல பூனையும் இல்ல. தேயிலை தின்னுற எலிய நீ பாத்திருக்கியா?" அம்மா என் தலையில் ஒரு குட்டுக் குட்டி இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு முதலிலேயே தெரியும் என்பது அந்தக் குட்டிலேயே எனக்குப் புரிந்தது.

பூனைகளைப் பிடித்த அன்றைக்கும் மறுநாளும் விறகுக் கொட்டகைக்குக் கீழே போய் நின்றேன். ஊசிச் சத்தம் கேட்டது. கஞ்சித் தண்ணியில் துணியை நனைத்துக் கம்பு நுனியில் கட்டித் தூக்கிப் பார்த்தேன். எட்டவில்லை. யாரிடமாவது சொல்லியிருக்கலாம். "பரண்ல குட்டி இருக்கு, ஏணி வேணும்." ஐந்து சொல். சொன்னேனா? மூன்றாம் நாள் போனபோது மழைச் சத்தம் மட்டும்தான் இருந்தது. மூடியை ஓடையில் எறிந்துவிட்டு வந்தேன். அடித்துக்கொண்டு போய்விட்டது. மூடி இல்லாத போணிக்காக அம்மாவிடம் இன்னொரு குட்டு.

இருமல் நிற்கவில்லை. அது எப்படி நிற்கும், கூரைதான் அப்படியே இருந்ததே. பத்துப் பதினைந்து நாளில் எலி வந்தது. அரிசிச் சாக்கைக் கடித்தது. ஏணைக் கயிற்றைக் கடித்தது. ஒரு நாள் என் தம்பியின் கால் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. துணியெல்லாம் ரத்தம். அம்மா வீட்டுக்குள்ளே உட்கார்ந்து, சத்தம் வெளியே போகாமல், "பூனை இருந்தப்ப இப்பிடி இல்லையே" என்று அழுதாள். வெளியே வந்து ஒரு வார்த்தை சொன்னாளா? இல்லை. அன்றைக்கு நம்ம லயத்தில் எல்லாருக்கும் வீரம் வீட்டுக்குள்ளேதான்.

ரைட்டர் கொஞ்சமும் கலங்கவில்லை. "நம்ம மலைப் பூனை சோம்பேறி. கீழ்நாட்டுப் பூனைதான் எலி பிடிக்கும்" என்று சொல்லி, போடிக்குப் போய் நல்ல பூனையாகப் பார்த்துக் கொண்டுவரும்படி அதே லாரி டிரைவரிடம் உத்தரவு போட்டார்.

இரண்டாம் நாள் லாரி வந்தது. மூங்கில் கூடையில் மேலே சாக்கு வைத்துக் கட்டியிருந்தது. எல்லாரும் கூடிவிட்டோம். ரைட்டர் கூடைக்குப் பக்கத்தில் நின்று, கீழ்நாட்டுப் பூனையின் நகம் எப்படி, கண் எப்படி என்று ஒரு பிரசங்கம் செய்தார். சாக்கை அவிழ்த்தார்கள்.

முதலில் வளைந்த வால்காரன் வெளியே குதித்தான். அப்புறம் காது கிழிந்தவன். ஆறும் என் பூனைகள்தான். இளைத்திருந்தன, கடை அடுப்புக் கரி அப்பியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். சுற்றி நின்ற அத்தனை பேரும் அந்தப் பூனைகளோடு வருஷக்கணக்கில் வாழ்ந்தவர்கள். ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. பூனைகள் யாரையும் பார்க்காமல் நேரே அதது வீட்டுக்கு நடந்தன. சோம்பேறி ஆயாம்மாவின் அடுப்படியில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஆயாம்மா கன்னத்தில் கை வைத்தாள். "பாரேன், வந்ததும் அடுப்பு எங்கன்னு தெரிஞ்சுக்கிட்டதை! நம்ம பழைய மூதேவிக்கு இது தெரிய ஒரு வருசம் ஆச்சு."

"அதான் கீழ்நாட்டுப் பூனை" என்றார் ரைட்டர். எல்லாரும் ஆமாம் ஆமாம்.

இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நல்ல சிரிப்பு இல்லை. புரட்டாசியில் மழை நின்றது, இருமலும் நின்றது. அதற்கும் கீழ்நாட்டுப் பூனைதான் காரணம் என்று ரைட்டர் சொல்ல, நீங்கள் எல்லாரும் நம்பினீர்கள். இத்தனை வருஷம் கழித்து இதைப் படிக்கிறபோது உங்களுக்கு வெட்கமாக இருக்குமானால், இருக்கட்டும்.

எல்லாரும் கலைந்த பிறகு நான் லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் கேட்காமலே புரிந்துகொண்டார்.

"போடிக்கு எறங்குற மெட்டுல, டீக்கடைகிட்ட எறக்கி விட்டிருந்தேன். அங்கனயேதான் கெடந்துச்சுக. அதையே அள்ளிக்கிட்டு வந்தேன். போடிக்கு எவன் எறங்குவான்? பாப்பா, நீயும் பாக்கல, நானும் சொல்லல."

"மூணு கலர்காரி?" என்றேன்.

"அதுவா? எறக்கி விட்ட அன்னிக்கே, அந்த மழையில, வந்த ரோட்டுலயே திரும்பி நடந்துருச்சு. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அவள் வந்து சேர்ந்து நான் பார்க்கவில்லை.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு நின்றேன் அல்லவா? அதை வாசல் திட்டில் வைத்துவிட்டு, "எங்க கொண்டு போறீங்க?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரி என்றார்கள். "திரும்பக் கொண்டாருவீங்களா?" என்றேன். சத்தியமாக என்றார்கள். "அப்ப நானும் ஜீப்புல வருவேன்" என்றேன். என் மகள் வாயைப் பிளந்துவிட்டாள். கல்யாண வீட்டுக்கே கூப்பிட்டாலும் வராத அம்மா பூனையோடு ஜீப்பில் வருகிறாளாம்.

"பாட்டி டூர் கெளம்பிருச்சு" என்றான் ஜீப்புக்காரன், கட்டுப் போட்ட கையை ஆட்டிக்கொண்டு.

தட்டினேன். இப்போது எவர்சில்வர் மூடி, சத்தம் கொஞ்சம் கூர்மை. தட்டு மட்டும் அதே தட்டு. பூனைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் கருவாட்டைக் கையாலேயே கூண்டுக்குள் நீட்டினேன், உள்ளே போயிற்று. ஐந்து கூண்டில் ஒன்பது பூனை. பத்தாவதாக ஒரு சாம்பல்காரி வந்தாள். அவளை மிச்சமிருந்த ஆறாவது கூண்டில் விட்டுக் கதவை இறக்கினார்கள். அவள் கம்பியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நின்றாள். காம்பு ஒவ்வொன்றும் புடைத்து, ஈரமாக, கம்பிக்கு வெளியே தெரிந்தது.

"இதுக்குப் பாலு இருக்கு" என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

"அதனாலதானுங்க பாட்டி இத முக்கியமாப் புடிக்கணும். இதுதானுங்க குட்டி போடுற மெஷின்" என்றார் ஹோம்ஸ்டே அம்மா. "டாக்டர்கிட்ட பத்துன்னு சொல்லியாச்சு. பத்து இருக்கணுமுங்க."

நான் அங்கேயே நின்றேன். ஜீப்புக்காரன் கூண்டைத் தூக்கக் குனிந்தவன் என்னைப் பார்த்து, "என்னா பாட்டி?" என்றான்.

அதே "என்னா". வாய் பழகின வாய், "ஒண்ணுமில்ல" என்றுதான் சொன்னது. கை கதவைத் தூக்கிவிட்டது.

சாம்பல்காரி என் காலுக்கு நடுவே புகுந்து ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பூட்டின வீட்டுக் கூரை இடுக்கில் நுழைந்துவிட்டாள்.

என்ன கூச்சல்! "என்னம்மா பண்ணுற?" என்று மகள். ஹோம்ஸ்டே அம்மா என்னைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, முகம் தெரியும். நான் ஜீப்பில் ஏறிக் கூண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். ஹோம்ஸ்டே அம்மா போனதும் போகாததுமாக, பத்தில் ஒன்றை, பால் இருக்கிறது என்று சொல்லிப் பாட்டி விட்டுவிட்டார் என்று கோள் சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பால் குடுக்கிற பூனையா? விட்டது நல்லது. இன்னிக்கு வச்சிருந்தா குட்டி செத்துரும். குட்டிக தானாத் திங்க ஆரம்பிக்கட்டும், அப்புறம் கொண்டு வாங்க."

"நாங்களும் அதத்தானுங்க டாக்டர் யோசிச்சு விட்டோம்" என்றார் ஹோம்ஸ்டே அம்மா. கண் இமைக்கவில்லை. குழுவின் போன் பக்கத்தில், தாய்ப் பூனையைக் கருணையோடு விடுவித்தோம் என்று எழுதி, கதவைத் தூக்குகிற கையின் படத்தையும் போட்டாராம். மகள் காட்டினாள். கை என்னுடையது. முழங்கைக்கு மேலே வெட்டிவிட்டிருந்தார்கள்.

அன்றைக்கு முழுதும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் சொல்வது காதில் விழுந்தது. பூனைகளை ஈரத்தில் விடக் கூடாது. கீழே துணி விரிக்க வேண்டும். மூன்று நாள் வைத்துப் பார்த்து, காயம் ஆறினால்தான் வெளியே விடலாம். கேட்கக் கேட்க எனக்கு நம்ம லாரி ஞாபகம் வந்தது. உங்களுக்கும் வரும். இரண்டு பிள்ளை ஆனவர்களை எல்லாம் ஆபரேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போனார்களே, அந்த லாரி. போன வழியே, அதே குலுக்கலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தோம். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள். என்னுடையது சிவப்பு. எட்டாம் நாள் கூடையோடு சரிவில் நின்றேன். பூனைக்குக் காது நுனியைக் கொஞ்சம் வெட்டி விடுகிறார்கள், ஆபரேஷன் முடிந்தது என்று அடையாளத்துக்கு. நமக்கு அந்த வாளிதான் அடையாளம். குழாயடியில் வாளியைப் பார்த்தே யாருக்கு முடிந்தது, யாருக்கு முடியவில்லை என்று ஆம்பிளைகள் பேசிக்கொள்வார்கள். துணி விரி, ஈரத்தில் விடாதே என்று நமக்காக ஒருத்தர் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. மறந்திருந்தால் சொல்லுங்கள்.

நாலாம் நாள் பூனைகள் வந்தன. நான் நின்று எண்ணினேன். ஒன்பது. கொண்டுபோனதைக் கொண்டுபோனபடியே திருப்பிக் கொண்டுவந்து விட்டவர்களை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்காகவாவது அந்த ஹோம்ஸ்டே அம்மாவை மதிக்க வேண்டும் என்று முயற்சி செய்தேன். முடியவில்லை. அந்த டாக்டர் பெண்ணை மதிக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மூடியைத் தட்டினபோது சாம்பல்காரி வந்தாள். பின்னாலேயே மூன்று குட்டி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்துகொண்டு. இன்னும் கொஞ்ச நாளில் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு நானே ஜீப்பில் போவேன். ஜீப்புக்காரனிடம் சொல்லிவிட்டேன். வாயால்தான் சொன்னேன்.

எழுதினதில் தப்பு இருக்கும். ரைட்டர் கோட்டு காவியா கறுப்பா, மழை அந்த வருஷமா அடுத்த வருஷமா, எலி கடித்தது வலது காலா இடது காலா என்பதையெல்லாம் யாராவது திருத்திக்கொள்ளுங்கள், எனக்குக் கவலை இல்லை. ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டு, சரிபார்த்து எழுதுங்கள். விறகுக் கொட்டகையை ஒட்டி முனைவீட்டில் இருந்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். மழை நின்ற பிறகு அந்தப் பரணில் விறகு எடுக்க ஏறினது உங்கள் வீட்டு ஆட்கள்தான். மூன்றாம் நாள் சத்தம் நின்றதை நான் இவ்வளவு காலமும் ஒரே மாதிரிதான் எடுத்துக்கொண்டேன். சாம்பல்காரி ஓடினதைப் பார்த்ததிலிருந்து வேறு மாதிரியும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. திரும்பிப் பார்க்காமல் நடந்தவள் வந்து சேர்ந்திருப்பாள். வாயில் கவ்வி ஒவ்வொன்றாக வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருப்பாள். என் மூடிச் சத்தம் எட்டாத இடத்துக்கு.

பரண் காலியாக இருந்ததா? வீட்டில் கேட்டுப் பார்த்து எழுதுங்கள். வேறு மாதிரி இருந்திருந்தாலும் எழுதுங்கள். எனக்கு இப்போது எட்டு வயசில்லை.